ஞாயிற்றுக்கிழமை பேய்க்கதை மாலை: யார் யார் வருகிறீர்கள்?

குழு: லூக்கன் தமிழ் வீடுகள்

செவ்வாய்

ரேவதி, இரவு 8:10
எல்லோருக்கும் வணக்கம். ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழாவை ஒட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேய்க்கதை வாசிக்கும் மாலை வைத்திருக்கிறோம். மறுநாள் திங்கள் அக்டோபர் பொது விடுமுறை, பிள்ளைகளுக்கும் பள்ளி கிடையாது. ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதனால் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். டப்ளினில் கதை கேட்க இதைவிட நல்ல பொழுது வராது. 4 மணிக்கு வந்துவிடுங்கள்.

செந்தில், இரவு 8:14
நாங்கள் எல்லோரும் வருகிறோம். விளக்கு என் பொறுப்பு.

பிரியா, இரவு 8:15
நானும். பார்ம்பிராக், அதுதான் இங்கே ஹாலோவீனுக்குச் செய்யும் உலர் திராட்சை ரொட்டி, செய்து கொண்டு வருகிறேன் அக்கா. முட்டை சாப்பிடாதவர்கள் யார் என்று சொல்லுங்கள், அவர்களுக்குத் தயிர் விட்டுத் தனியாக ஒன்று செய்கிறேன்.

முருகேசன், இரவு 8:21
அம்மா முட்டை சாப்பிட மாட்டார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாமா ரேவதி? ஊரிலிருந்து வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். குளிர் பழகவில்லை.

ரேவதி, இரவு 8:22
என்ன கேள்வி இது, கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடுப்புப் பக்கத்து நாற்காலி அம்மாவுக்குத்தான்.

கவிதா, இரவு 8:40
அக்கா, நாங்கள் வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். போன வாரம் ஒரு கடை வாசலில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு நகுல் ராத்திரியெல்லாம் என்னை விடவே இல்லை. ஏழு வயதுதானே. பேய்க்கதை கேட்டால் இன்னும் பயந்துவிடுவானோ என்று இருக்கிறது.

ரேவதி, இரவு 8:52
கவிதா, நீ சொல்வது புரிகிறது. ஆனால் அந்த எலும்புக்கூடு வேறு, கதை வேறு. எலும்புக்கூடு திடீரென்று கண்ணில் பட்டது, பக்கத்தில் நின்று யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கதை அப்படி இல்லை. வேண்டாம் என்றால் நிறுத்தலாம், நடுவில் கேள்வி கேட்கலாம், பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கலாம். பிள்ளைகளுக்கு என்ன வாசிப்பது என்பதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். ரத்தம், வெட்டு, குத்து எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஹரி, இரவு 9:05
ஆன்ட்டி, டிராகுலா வாசிக்கலாமா? எழுதிய பிராம் ஸ்டோக்கர் நம் ஊர்க்காரர். 1847-ல் இங்கே கிளான்டார்ஃபில் பிறந்தார். கல்லூரி முதல் வருடத்தில் படித்தேன், முதல் அத்தியாயம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிரியா, இரவு 9:07
அது ரத்தம் குடிக்கிற கதை இல்லையா ஹரி? இப்போதுதான் அக்கா வேண்டாம் என்றார்கள்.

ஹரி, இரவு 9:15
முதல் அத்தியாயத்தில் ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லை அக்கா. ஒருவர் இரவில் மலைப்பாதையில் குதிரை வண்டியில் போகிறார். இருட்டில் அங்கங்கே நீலச் சுடர் எரிகிறது. வண்டிக்காரன் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் அந்த இடத்தில் கற்களைக் கூட்டி அடையாளம் வைக்கிறான். வருடத்தில் ஒரு இரவு, புதையல் இருக்கும் இடத்தில் அப்படிச் சுடர் தெரியும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அந்த வண்டிப் பயணத்தை மட்டும் நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்கிறேன்.

இன்னொன்று. ஸ்டோக்கர் ஏழு வயது வரை படுத்த படுக்கையாக இருந்தவர். அம்மா ஸ்லைகோ ஊர்க்காரர். 1832-ல் அங்கே காலரா வந்தபோது சிறுமியாக இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். உயிர் போகுமுன்பே புதைக்கப்பட்டவர்களின் கதைகளைப் படுக்கையில் கிடந்த மகனுக்கு அவர்தான் சொன்னார். பின்னாளில் ஸ்டோக்கர் அதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்டு வாங்கினார். டிராகுலா வந்தது 1897-ல்.

ரேவதி, இரவு 9:18
ஹரி, வண்டிப் பயணம் உனக்குத்தான். அத்தியாயத்தின் கடைசியில் ஓநாய்கள் வரும் இடத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்.

முருகேசன், இரவு 9:31
அம்மாவிடம் அந்த நீலச் சுடர் கதையைச் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

“முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டோரம் எங்கள் அப்பா வீடு. ஐப்பசி மழை விட்ட இரவில் சேற்றுப் பக்கம் ஒரு வெளிச்சம் எழும்பும். நின்று பார்த்தால் நிற்கும், கிட்டப் போனால் தள்ளித் தள்ளிப் போகும். கொள்ளிவாய்ப் பிசாசு அது. ஒரு மீன்காரர் யாரோ லாந்தர் பிடித்துப் போகிறார்கள் என்று நினைத்து அதன் பின்னாலேயே போனார். விடிய விடியச் சேற்றில் நடந்திருக்கிறார். விடிந்து பார்த்தால் தன் தோணிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கூடையில் ஒரு மீன் இல்லை.”

செந்தில், இரவு 9:33
மயிர்க்கூச்செறிகிறது!

ரேவதி, இரவு 9:47
முருகேசன், அம்மாவிடம் சொல்லுங்கள், இதே வெளிச்சத்தை இந்த ஊர்க்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். அயர்லாந்து முழுக்கச் சதுப்பு நிலம்தானே. இங்கிருந்து மேற்கே கில்டேர் பக்கம் போனால் ஆலன் சதுப்பு. அங்கே இரவில் அலையும் வெளிச்சத்துக்கு இவர்கள் சொல்லும் காரணம் ஜாக்.

ஜாக் ஒரு கஞ்சன், குடிகாரன். சாத்தானையே ஏமாற்றி, தன் உயிரை எடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டான். செத்த பிறகு சொர்க்கத்தில் கதவைத் திறக்கவில்லை. நரகத்துக்குப் போனால், உன் உயிரை எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனே, போ என்று சாத்தானும் விரட்டிவிட்டான். வழி தெரியாத இருட்டில் போக ஒரு கங்கு மட்டும் எடுத்துப் போட்டான். ஜாக் அதை ஒரு டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறான்.

சதுப்பில் மட்கும் செடிகளிலிருந்து மீத்தேன் வரும், அது எரிவதுதான் என்று பள்ளியில் நமக்குச் சொன்னார்கள். இருக்கட்டும். சேற்று ஓரத்தில் வாழ்ந்த ஜனங்கள் இரண்டு தேசத்திலும் ஒரே வெளிச்சத்தைப் பார்த்து, அதன் பின்னால் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளுக்கொரு கதை கட்டியிருக்கிறார்கள். சேற்றில் போகாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? பிசாசு கூட்டிக்கொண்டு போய்விடும் என்றால் கேட்கும்.

கவிதா, இரவு 9:55
இந்தக் கதையை நகுலுக்கு இப்போது வாசித்துக் காட்டினேன் அக்கா. ஜாக்குக்குக் கை சுடாதா என்று கேட்கிறான்.

புதன்

செந்தில், மாலை 6:20
(படம்)
டர்னிப் வாங்கியாயிற்று. பூசணிக்காய் எங்கே என்று கேட்காதீர்கள். ஹாலோவீனுக்கு முகம் குடைந்து உள்ளே விளக்கு வைக்க இங்கே பழைய வழக்கம் டர்னிப்தான். 1840-களின் பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறி அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. பெரிதாக இருந்தது, குடையவும் சுலபம். அப்படித்தான் பூசணி வந்தது.

பிரியா, மாலை 6:24
குடைய முடிகிறதா அண்ணா? பார்க்கக் கல் மாதிரி இருக்கிறதே.

செந்தில், மாலை 6:41
கல்லேதான். ஊதாத் தோல், உள்ளே மஞ்சள் சதை. கத்தியால் மேலே மூடி வெட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பிறகு கனமான ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். ஓரம் ஒரு விரல் கனத்துக்கு வந்தால்தான் வெளிச்சம் தோல் வழியே தெரியும். கண்ணையும் பல்லையும் கடைசியில் வெட்டுவேன். மெழுகுவர்த்தி வைத்ததும் வேகிற வாசனை வரும், வீடே மணக்கும். பூசணியில் முகம் சிரிக்கும். இதில் சிரிக்காது. சுருங்கிய கிழவன் முகம்தான் வரும்.

மாயோ மாவட்டத்தில் காஸில்பார் பக்கம் டர்லோவில் தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது. டோனிகாலிலிருந்து வந்த ஒரு பழைய டர்னிப் முகத்தின் வார்ப்பை அங்கே வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். நீள விடுமுறையில் போனால் கட்டாயம் பாருங்கள்.

கவிதா, மாலை 6:50
அருங்காட்சியகத்துக்கு வருகிறேன் அண்ணா. ஆனால் இந்தப் படத்தை நகுலிடம் காட்ட மாட்டேன் 🙂

ரேவதி, மாலை 7:05
சாப்பாட்டுக்கு நான் கோல்கேனன் செய்கிறேன். மசித்த உருளைக்கிழங்கு, கேல் கீரை, வெங்காயத்தாள், நடுவில் குழி வைத்து வெண்ணெய். கத்தோலிக்கர்களுக்கு அந்தக் காலத்தில் ஹாலோவீன் அன்று இறைச்சி விலக்கு. அதனால் பழைய பண்டிகைச் சாப்பாடு எல்லாமே நமக்கு ஒத்துவரும். தோலோடு வறுத்த கடலையும் இந்த மாதம் எல்லாக் கடையிலும் வலைப்பையில் தொங்குகிறது. அம்மாவுக்குப் பிடிக்கும் முருகேசன்.

பிரியா, மாலை 7:12
பிராக்குக்கு உலர் திராட்சையைக் கெட்டி டிக்காஷனில் சனிக்கிழமை இரவே ஊறப் போடுவேன். காலையில் மாவு, பழுப்புச் சர்க்கரை, மசாலாப் பொடி சேர்த்துச் சுட வேண்டியதுதான். உள்ளே மோதிரம் வைப்பேன். மோதிரத் துண்டு யாருக்கு வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்தில் கல்யாணம். காசு வந்தால் பணம். துணிக் கிழிசல் வந்தால் கஷ்டம், அதை நான் வைக்க மாட்டேன். மோதிரத்தை வெண்ணெய்த்தாளில் நன்றாகச் சுற்றித்தான் வைப்பேன். இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் துண்டை நீங்களே பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

ஹரி, மாலை 7:13
எனக்கு மோதிரம் வராத துண்டாகப் பார்த்துக் கொடுங்கள் அக்கா.

முருகேசன், மாலை 7:30
கவிதா பயப்படுவதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் சொல்வது:

“கரண்டு போன ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். கொல்லைப் புளியமரத்தில் முனி இருக்கிறது என்பேன். முடித்ததும் அப்படியே தூங்க விடமாட்டேன். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு எல்லோரையும் புளியமரம் வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். மரத்தைத் தொட்டுவிட்டு வரவேண்டும். தொட்ட பிள்ளைக்கு ஒரு வெல்லக்கட்டி. மறுநாள் அவர்களே, ஆயா முனிக் கதை சொல்லு என்று வந்து நிற்பார்கள்.”

கவிதா, மாலை 7:38
இது நன்றாக இருக்கிறதே! சரி, நாங்கள் வருகிறோம். ரேவதி அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒரு மரம் இருக்கிறதல்லவா?

ரேவதி, மாலை 7:40
ஆப்பிள் மரம். இலை எல்லாம் கொட்டிவிட்டது. செந்திலின் டர்னிப் கிழவனை அதன் அடியில் வைத்துவிடலாம். வெல்லம் என்னிடம் இருக்கிறது.

வெள்ளி

ரேவதி, இரவு 8:30
இரண்டு நாளாக ஒன்று யோசித்துக்கொண்டே இருந்தேன், சொல்லிவிடுகிறேன்.

1937-லிருந்து 1939 வரை இந்த நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு வேலை செய்தது. சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். பேய், மோகினி, புதையல், மழைக்கு அறிகுறி, ஹாலோவீன் விளையாட்டு எல்லாமே. ஏறக்குறைய 7,40,000 பக்கம் சேர்ந்தது. இன்று டூகஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம், பிள்ளைகளின் கையெழுத்திலேயே. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கப் போவது அதிலிருந்துதான். நம் மாவட்டத்துப் பள்ளிகள் எழுதியதாக நான்கைந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுத்தாளர்கள் எழுதிய பேய்க்கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெரியன் சதுக்கத்தில் வாழ்ந்த லெ ஃபனுவை ஒவ்வொரு அக்டோபரிலும் எடுத்துப் படிக்கிறேன். ஆனால் மீன்காரரின் கூடையில் ஒரு மீன் இல்லை என்று முருகேசன் அம்மா சொன்ன வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நம் பிள்ளைகள் கையால் எழுதப்பட வேண்டும். பேரன் பேத்திகள் இங்கே இருக்கிறார்கள், கதை முத்துப்பேட்டையில் இருக்கிறது, சொல்கிறவர் இன்னும் சில வாரங்களில் விமானம் ஏறிவிடுவார். ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு நான் வாங்கி வைக்கிறேன். தமிழில் எழுத வருபவர்கள் தமிழில், வராதவர்கள் ஆங்கிலத்தில். பிழை இருந்தால் இருக்கட்டும்.

முருகேசன், இரவு 8:36
படித்துக் காட்டினேன். அம்மா எதுவும் பேசவில்லை. பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து, என்னென்ன கதை சொல்வது என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

செந்தில், இரவு 8:40
என் பெரியவள் எழுதுவாள். தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டே போகிறவள், இதற்குப் பெயர் கொடு என்று அவளே கேட்டாள்.

கவிதா, இரவு 8:44
நகுல் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்: மழை பெய்தால் கொள்ளிவாய்ப் பிசாசின் வாய் அணைந்துவிடுமா?

முருகேசன், இரவு 8:47
“நல்ல கேள்வி. பென்சிலைச் சீவி எடுத்து வா, ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்” என்கிறார்கள்.

பிரியா, இரவு 8:50
அக்கா, வெடி எதுவும் கொண்டு வர வேண்டாம் என்று ஒரு தடவை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

ரேவதி, இரவு 8:52
ஆமாம், வெடி வேண்டாம். கம்பளிச் சட்டை கட்டாயம், பின்பக்கம் ஈரமாக இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ். நோட்டு எத்தனை வாங்குவது? பெயர் கொடுங்கள்.

செந்தில், இரவு 8:53
எங்கள் வீட்டுக்கு இரண்டு.

கவிதா, இரவு 8:53
நகுலுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று அக்கா.