புது ஹார்டு டிஸ்க் பழைய கணினியில் சுழலவில்லை: உதவி தேவை

காட்பாடி_கேமரா:
வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் சிசிடிவி பதிவுக் கணினியைப் பராமரிக்கிறேன். பழைய டெஸ்க்டாப். டிஸ்க் நிறைந்துவிட்டதால் சர்வர் ரக 8 டிபி டிஸ்க் வாங்கி மாட்டினேன். சுழலவே இல்லை. கை வைத்துப் பார்த்தால் துளி அதிர்வு கிடையாது, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலும் டிஸ்க் பெயர் வரவில்லை. டிஸ்கை வெளியே வைத்து இணைக்கும் யூஎஸ்பி டாக்கில் போட்டால் அதே டிஸ்க் ஜோராக ஓடுகிறது. பழைய டிஸ்கும் அதே கேபிளில் ஓடுகிறது. விற்றவர், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியைச் சொல்லி, "உங்க எஸ்எம்பிஎஸ் போச்சு" என்கிறார். முதலாளி காலையில் கேட்பார், என்ன சொல்வது?

சத்துவாச்சாரி_லேப்:
எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லாத்தான் இருக்கு, டிஸ்கும் நல்லாத்தான் இருக்கு தம்பி. இடையில் மாறியது சாட்டா விதி, அதாவது டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் முறைக்கான பொது விதி. பவர் கனெக்டரின் 15 பின்களில் முதல் மூன்றும் ஆரம்பத்தில் 3.3 வோல்ட்டுக்கு. டெஸ்க்டாப்பில் போடும் 3.5 அங்குல டிஸ்குகள் அதைப் பயன்படுத்தியதே அபூர்வம். 2016இல் வந்த சாட்டா விதியின் 3.3 பதிப்பில் (இது வோல்ட் அல்ல, பதிப்பு எண்) மூன்றாவது பின்னுக்கு ‘பவர் டிஸேபிள்’ வேலை வந்தது: அதில் மின்னழுத்தம் இருந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ் பழைய விதிப்படி அங்கே எப்போதும் 3.3 கொடுக்கிறது. டாக் பொதுவாக 12, 5 வோல்ட் மட்டும் தருவதால் அங்கே ஓடுகிறது. கேபிளில் ஆரஞ்சு கம்பி இருக்கிறதா பாருங்கள்.

குடியாத்தம்_நெட்:
பழசும் புதுசும் ஒத்துப்போகும் என்றுதானே சாட்டாவை நம்பி வாங்குகிறோம்? எப்படி விட்டார்கள்?

சத்துவாச்சாரி_லேப்:
எனக்கும் அதுதான் ஆதங்கம். இதே பின்னை 2013இல் 3.2 பதிப்பு ‘டிவைஸ் ஸ்லீப்’புக்கு (டிஸ்கைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதி) எடுத்தபோது, கணினி கட்டளை கொடுத்து இயக்கும் வரை டிஸ்க் அந்தப் பின்னைக் கண்டுகொள்ளக் கூடாது என்று வைத்தார்கள். அதனால் பழைய கணினிகள் தப்பின. பவர் டிஸேபிளுக்கு அந்தக் காவல் இல்லை. டேட்டா சென்டரில் உறைந்துபோன டிஸ்கை யாரும் கையால் பிடுங்காமல் அணைத்துப் போடத்தான் இந்த வசதி. உறைந்த டிஸ்க் கட்டளையைக் கேட்காதே! நியாயமான காரணம்தான். ஆனால் டிஸ்குக்கு ‘விருப்ப வசதி’ என்று எழுதியது, பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ‘இனி அங்கே 3.3 தரக்கூடாது’ என்ற கட்டாயமாகிவிட்டது. புதுப் பதிப்பு வந்தால் என்ன சேர்த்தார்கள் என்பதோடு, பழைய கருவி எதை நம்பியிருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

காட்பாடி_கேமரா:
ஆரஞ்சு கம்பி இருக்கிறது அண்ணா. வெட்டிவிடலாமா?

சத்துவாச்சாரி_லேப்:
வேண்டாம். மொபைல் சர்வீஸ் கடையில் காப்டன் டேப் கேளுங்கள், மின்சாரம் கடத்தாத டேப், தேன் நிறத்தில் இருக்கும். டிஸ்கின் பவர் பகுதியில், டேட்டா கனெக்டர் பக்கமிருந்து எண்ணி முதல் மூன்று பின்களையும் மூடிவிடுங்கள். மூன்றுமே 3.3 என்பதால் நஷ்டமில்லை. நான்காவது மேல் ஏறக்கூடாது, அது கிரவுண்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நான்கு பின் ‘மோலெக்ஸ்’ இணைப்பைச் சாட்டாவாக்கும் அடாப்டரும் சரிப்படும், அதில் 3.3 வராது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகம் தீப்பிடித்த கதைகள் உண்டு, அதைத் தொடாதீர்கள்.

காட்பாடி_கேமரா:
டேப் ஒட்டியதும் சுழன்றது, பதிவும் ஓடுகிறது. ரொம்ப நன்றி அண்ணா! அடுத்த முறை கொட்டேஷனில் என்ன எழுதுவது?

சத்துவாச்சாரி_லேப்:
‘சாட்டா 6 ஜிபி’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது வேகத்தைத்தான் சொல்லும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் அல்ட்ராஸ்டார் வரிசையில் ஒரே டிஸ்கே பவர் டிஸேபிளோடும் இல்லாமலும் தனித்தனி மாடலாக வருகிறது. ‘பவர் டிஸேபிள் இல்லாத மாடல்’ என்று எழுதி, முழு மாடல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.