மைவி காரின் சக்கர ரிம்மைத் திருடர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

லயத்துப் பையன்:
பேராக், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்). கார் நிறுத்தப் போர்ச் கிடையாது, காடி (கார்) செம்பனை ஓரமாகத்தான் நிற்கும். போன வாரம் பின்வரிசையில் ஒரு காடியைச் செங்கல் மேல் உட்கார வைத்துவிட்டு நாலு ரிம்மையும் தூக்கிவிட்டார்கள். ஸ்டியரிங் லாக் போதுமா அண்ணே?

பட்டறைக்காரன்:
அது காடிக்குத்தான் காவல், ரிம்முக்கு இல்லை தம்பி. சக்கரத்துக்கு ஒன்றாக, தனிச் சாவியால் மட்டும் கழலும் லாக் நட் போடுங்கள், மைவிக்கு அளவு 12 மில்லிமீட்டர், 1.5 திரெட் (மரை இடைவெளி). கையால் முடுக்கச் சொல்லுங்கள், நட் முடுக்கும் ஏர் கன் வைத்தால் சாவியின் பள்ளம் பிய்ந்து, அப்புறம் பஞ்சர் ஆகிற அன்றைக்கு உங்களாலேயே கழற்ற முடியாது.

ஈப்போ அக்கா:
சாதாரண அலாரத்தை நம்பாதீர்கள். மெதுவாக ஜேக் வைத்தால் அது கத்தாது, சாய்வு சென்சார் வேண்டும். ஒரு பக்கத்தையாவது சுவரை ஒட்டி நிறுத்துங்கள், ஸ்பேனர் சுற்ற இடம் இருக்கக் கூடாது.

லயத்துப் பையன்:
சரிக்கா. நட் சாவியை டேஷ்போர்டில் வைக்கலாமா?

பட்டறைக்காரன்:
ஐயோ, திருடன் முதலில் அங்கேதான் பார்ப்பான்! காடிச் சாவியோடு கோத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் சாவி எண்ணையும் படம் பிடித்து வையுங்கள், தொலைந்தால் அதைக் காட்டித்தான் வேறு வாங்க வேண்டும்.