உடல் எடையைத் தீர்மானிப்பது கலோரியா, இன்சுலினா?

இரண்டுங்கெட்டான் எழுதியது:

வணக்கம். எனக்கு 46 வயது. ஓராண்டாக எடையைக் குறைக்கும் முயற்சியில் இருக்கிறேன். முதல் ஆறு மாதங்கள் நாளொன்றுக்கு 1,600 கலோரி என்று வரம்பு வகுத்துக்கொண்டு, உண்பதையெல்லாம் எடைபோட்டுக் குறித்து வைத்தேன். நான்கு கிலோ குறைந்தது. ஆனால் மாலையானால் பசி ஆட்டிப்படைத்தது, கணக்கு நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. எடை கூடுவதற்குக் காரணம் கலோரி அல்ல, இன்சுலின்தான் என்று வாதிடும் சில கட்டுரைகளைப் பிறகு படித்தேன். அவற்றை நம்பி, மாவுச்சத்தை நாளொன்றுக்கு 40 கிராமுக்குள் சுருக்கி, கணக்கெழுதுவதை அறவே நிறுத்திவிட்டேன். முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ இறங்கியது. பசியும் அடங்கியது. ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து எடைக்கருவி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இரு தரப்பு வாதங்களும் தனித்தனியே படிக்கும்போது சரியாகத்தான் தோன்றுகின்றன. இன்சுலின் கொழுப்பணுக்களைப் பூட்டிவிடுகிறது, பூட்டிய கொழுப்பை எடுத்து எரிக்க முடியாத உடல் பட்டினி கிடப்பதுபோல் உணர்ந்து மேலும் உண்ணத் தூண்டுகிறது என்கின்றனர் ஒரு சாரார். எந்த உணவானாலும் வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசமே எடை என்கின்றனர் மறுசாரார். இன்சுலினை அடக்கி வைத்திருக்கும்வரை எண்ணெய், வெண்ணெய், கொட்டைப் பருப்புகள் ஆகியவற்றை அளவின்றி உண்ணலாம் என்பது உண்மையானால் என் எடை ஏன் நின்றது? அது பொய்யானால் என் பசி ஏன் அடங்கியது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் விடை எனக்குக் கிடைக்கவில்லை.

அளவுகோல் எழுதியது:

முதல் வாரத்து இரண்டரைக் கிலோவை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ அரைக் கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன், அதாவது சர்க்கரையின் சேமிப்பு வடிவம், இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் தோராயமாக மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறுகிறது. போதாக்குறைக்கு, இன்சுலின் குறைந்தால் சிறுநீரகங்கள் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகின்றன. மாவுச்சத்தைக் குறைத்த பலரும் "இதுதான் உண்மையான வழி" என்று நம்பத் தொடங்குவது இந்த முதல் வாரத்தில்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். இன்சுலின் கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கிறது என்பது பாடநூல் உண்மை. ஆனால் அந்தத் தடை நாள் முழுவதும் நீடிப்பதில்லை. உணவுக்குப் பின் ஏறும் இன்சுலின் சில மணி நேரத்தில் இறங்குகிறது, அப்போது கொழுப்பணுக்கள் மீண்டும் திறந்துகொள்கின்றன. ஆகவே ஒரு வேளை உணவுக்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதைவிட, இருபத்துநான்கு மணி நேரத்தில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்தது, எவ்வளவு எரிந்தது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் அப்போது ஆய்வாளராக இருந்த கெவின் ஹால், 2015-இல் உடல் பருமன் கொண்ட 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, வெளியிலிருந்து ஒரு கவளமும் கிடைக்காதபடி உணவளித்தார். அவர்கள் வழக்கமாக உண்ணும் ஆற்றலில் 30 சதவீதத்தை ஒருமுறை மாவுச்சத்திலிருந்து மட்டும், மறுமுறை கொழுப்பிலிருந்து மட்டும், ஆறு ஆறு நாட்கள் குறைத்தார். மாவுச்சத்தைக் குறைத்தபோது இன்சுலின் சுரப்பு 22 சதவீதம் சரிந்தது, நாளுக்கு 53 கிராம் உடற்கொழுப்பு குறைந்தது. கொழுப்பைக் குறைத்தபோது இன்சுலின் சுரப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆனால் நாளுக்கு 89 கிராம் உடற்கொழுப்பு குறைந்தது. இன்சுலின் இறங்காமல் கொழுப்பு கரையாது என்ற வாதம் சரியென்றால் இந்த இரண்டாவது எண் வந்திருக்கவே கூடாது.

எடைக்கருவியை மட்டும் பார்த்திருந்தால் மாவுச்சத்தைக் குறைத்த வாரமே வென்றதாகத் தோன்றியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் மேலே சொன்ன தண்ணீர்தான்.

மாவுக்குவிடை எழுதியது:

அளவுகோல் அவர்கள் எண்களைச் சரியாகவே தந்திருக்கிறார். ஆனால் ஆறு நாள் ஆய்வை வைத்து ஆயுட்கால எடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாவுச்சத்தைக் குறைத்த உடல் கொழுப்பையும், கொழுப்பிலிருந்து கல்லீரல் உருவாக்கும் கீட்டோன்களையும் எரிபொருளாக ஏற்றுப் பழகுவதற்கே இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும் என்பதை இன்சுலின் தரப்பு ஆய்வாளரான டேவிட் லட்விக் போன்றோர் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார்கள். அவரும் காரா எபெலிங்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே எடை குறைத்திருந்த 164 பேருக்கு 20 வாரங்கள் உணவளித்தார்கள். ஆற்றலில் 20 சதவீதம் மட்டும் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்கள், 60 சதவீதம் பெற்றவர்களைவிட நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகச் செலவழித்ததாக அதில் தெரிந்தது. இது சிறிய தொகையல்ல.

மேலும், கலோரி வரவு செலவுக் கணக்கு எதையும் விளக்குவதில்லை என்பதே என் அடிப்படை வருத்தம். ஒரு மண்டபத்தில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டால், "வெளியே போனவர்களைவிட உள்ளே வந்தவர்கள் அதிகம்" என்று பதில் சொல்வது போன்றது அது. பதிலில் பிழையில்லை, ஆனால் ஏன் வந்தார்கள் என்பதல்லவா கேள்வி? முதல் வகை நீரிழிவில் இன்சுலின் இல்லாத உடல் எவ்வளவு உண்டாலும் உருகிப்போகிறது. 1922-இல் இன்சுலின் ஊசி வந்த பிறகுதான் எலும்பும் தோலுமாயிருந்த அந்தக் குழந்தைகளின் உடலில் மீண்டும் சதை பிடித்தது. இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின் தொடங்கினால் எடை கூடுவது வழக்கம், எனக்கும் கூடியது. மாவுச்சத்தைக் குறைத்து, மருத்துவர் துணையோடு ஊசியின் அளவையும் குறைத்த பிறகே இடுப்புச் சுற்றளவு இறங்கியது. இதில் இன்சுலினுக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் என் அனுபவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பழைய செவிலி எழுதியது:

பங்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஐயா. எது எதை ஆள்கிறது என்பதில்தான் வேறுபாடு.

முதல் வகை நீரிழிவு எடுத்துக்காட்டை நீரிழிவுப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் நானும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். பிறகுதான் அதன் ஓட்டை தெரிந்தது. இன்சுலின் முற்றிலும் இல்லாதபோது கொழுப்பும் தசையும் கட்டுக்கடங்காமல் உடைகின்றன என்பது உண்மை. அதோடு, பயன்படாத சர்க்கரை நாள்தோறும் சிறுநீரில் வெளியேறுகிறது. உண்ட உணவின் ஒரு பகுதி உடலில் சேராமலேயே போகிறது என்றால் அதுவும் கலோரி இழப்புதானே? இன்சுலின் தொடங்கியதும் அந்த இழப்பு நிற்கிறது, அதே உணவில் எடை கூடுகிறது. போதாததற்கு, சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இடையிடையே எதையாவது உண்பவர்களும் உண்டு. மேலும், சுரப்பு அறவே அற்ற நிலைக்கும், கணையம் நன்றாக இயங்கும் ஒருவருக்கு உணவுக்குப் பின் இன்சுலின் சற்று ஏறி இறங்குவதற்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. முதலாவதில் கண்டதை இரண்டாவதற்குப் பொருத்துவதில்தான் வழுக்கல்.

நான் மனம் மாறியது இரண்டு செய்திகளால். முதலாவது, நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளூடைடு வகை மருந்துகள். இவை சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலின் சுரப்பைக் கூட்டுகின்றன. இன்சுலின் கோட்பாட்டின்படி எடை ஏற வேண்டும். ஆனால் 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையின் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, ஏனெனில் அந்த மருந்து மூளையில் பசியை அடக்குகிறது. இரண்டாவது, பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக்கேல் லீனும் இரண்டாம் வகை நீரிழிவாளர்களிடம் நடத்திய ஆய்வு. நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே தரும் நீர்ம உணவை முதல் சில மாதங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த உணவின் ஆற்றலில் பாதிக்கும் மேல் மாவுச்சத்து! ஆனாலும் ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு நீரிழிவு தணிந்திருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்குத் தணிந்திருந்தது. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைந்ததே காரணம் என்பது டெய்லரின் விளக்கம்.

இன்னொன்று. இன்சுலினைத் தூண்டுவது மாவுச்சத்து மட்டும் என்று நினைத்தால் அதுவும் தவறு. சிட்னியில் 1997-இல் 38 உணவுகளைச் சம ஆற்றல் அளவில் கொடுத்துச் சோதித்தபோது, மாட்டிறைச்சியும் மீனும் தம்மிடம் மாவுச்சத்து இல்லாமலேயே கணிசமாக இன்சுலினைச் சுரக்கவைத்தன. அவற்றை உண்பதால்தான் எடை ஏறுகிறது என்று இன்சுலின் தரப்பினர்கூடச் சொல்வதில்லை.

அளவுகோல் எழுதியது:

எபெலிங்–லட்விக் ஆய்வைப் பற்றி ஒரு சொல். ஆற்றல் செலவை அங்கே மூச்சுக்காற்றை அளக்கும் மூடிய அறையில் நேரடியாக அளக்கவில்லை, அடையாளமிட்ட தண்ணீரைக் குடிக்கவைத்து, அது உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைப் பார்க்கும் கனநீர் முறையால் கணித்தார்கள். அந்தக் கணிப்பு உணவின் கலவைக்கேற்பச் சரிசெய்யப்பட வேண்டியது. கூடுதலாகச் செலவானதாகச் சொல்லப்படும் ஆற்றல், அவர்களுக்கு வழங்கப்பட்ட உணவின் கணக்கோடு ஒத்துவரவில்லை என்பது ஹால் தரப்பின் மறுப்பு. ஹால் 2016-இல் 17 ஆண்களை நான்கு வாரங்கள் கீட்டோ உணவில் (மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த உணவில்) தங்கவைத்து அறைக்குள்ளேயே அளந்தபோது, இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ பாதியாகச் சரிந்தும் செலவு நாளுக்கு 57 கலோரி மட்டுமே கூடியது. உடற்கொழுப்பு கரையும் வேகமோ கூடவில்லை. வாதம் இன்னும் முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் மிகச் சாதகமான 200 கலோரியை ஏற்றுக்கொண்டாலும் அது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவரிடம் ஒன்று: அந்த எண்ணெயையும் கொட்டைப் பருப்புகளையும் ஒரு வாரம் மட்டும் எடைபோட்டுப் பார்க்க இயலுமா? முன்போல் வரம்பு எதுவும் வேண்டாம், குறித்தால் போதும்.

இரண்டுங்கெட்டான் எழுதியது:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். "ஒரு கைப்பிடி" என்று நான் நினைத்திருந்த பாதாம், எடைபோட்டபோது 70 கிராம் இருந்தது. சமையலில் ஊற்றிய எண்ணெயும், மேலே போட்ட வெண்ணெயும், பாலாடைக்கட்டியும் சேர்ந்து அன்றாட ஆற்றலில் ஆயிரம் கலோரியைத் தாண்டின. நான் கூடுதலாக உண்கிறேன் என்ற உணர்வே இல்லாமல் இது நிகழ்ந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பசி ஏன் அடங்கியது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அளவுகோல் எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை. 1992-இல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்து உண்டும் எடை இறங்கவில்லை என்று உறுதியாகச் சொன்ன பத்துப் பேரை லிக்ட்மன் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய உடலின் ஆற்றல் செலவில் கோளாறு எதுவும் இல்லை. உண்மையில் உண்டதைவிட 47 சதவீதம் குறைவாகக் குறித்திருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உங்களைப் போலவே கைப்பிடியை நம்பினார்கள். பாதாமைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிறு தள்ளுபடியும் உண்டு: அதை முழுதாக உண்டால் செல்சுவருக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலேயே வெளியேறுவதால், வழக்கமான கணக்கைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவான ஆற்றலே உடலில் சேர்கிறது.

பசிக்கு வருகிறேன். உங்கள் பசி அடங்கியது உண்மை, அதற்கு இன்சுலின் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மாவுச்சத்தை 40 கிராமுக்குள் சுருக்கும் எவரும் இனிப்புகளையும் பொட்டலத் தின்பண்டங்களையும் அதே நாளில் கைவிட்டுவிடுகிறார். பெரும்பாலும் புரதத்தையும் கூட்டிவிடுகிறார். புரதம் பசியை நன்றாகத் தாங்கும். அதைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. கீட்டோன்களும் பசியை மட்டுப்படுத்துவதாகத் தெரிகிறது. ஹால் 2019-இல் 20 பேருக்கு மிகையாகப் பதப்படுத்திய உணவையும், பதப்படுத்தாத உணவையும் இரண்டிரண்டு வாரங்கள் கொடுத்தார். சர்க்கரை, கொழுப்பு, மாவுச்சத்து, நார்ச்சத்து எல்லாம் பரிமாறிய அளவில் சமம். வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். 2021-இல் அதே முறையில், கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவையும், விலங்கு உணவைச் சார்ந்த கீட்டோ உணவையும் ஒப்பிட்டார். இன்சுலினை மிகுதியாக ஏற்றிய தாவர உணவில்தான் நாளுக்கு ஏறத்தாழ 700 கலோரி குறைவாக உண்டார்கள், அதுவும் பசியில் வேறுபாடு சொல்லாமல். ஆகவே, உங்கள் இரண்டாவது கேள்வியின் விடையை இன்சுலினில் தேடுவதைவிட, தட்டில் இருந்து எவையெல்லாம் அகன்றன என்பதில் தேடுவது பயன் தரும்.

இந்த முறை உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால் விடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. தொடக்கத்தில் யாருக்கு இன்சுலின் சுரப்பு மிகுதி என்று பார்த்து, எவருக்கு எந்த உணவு பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தபடியே எண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், மீதியைக் குறிக்க வேண்டாம்.

மாவுக்குவிடை எழுதியது:

பசி விஷயத்தில் என் நம்பிக்கை முழுதும் மாறிவிடவில்லை, இரண்டு வார ஆய்வுகள் இன்னும் நீள வேண்டும் என்றே கருதுகிறேன். அளந்து ஊற்றுவதற்கு மட்டும் உடன்படுகிறேன்.

இதைப் படிக்கும் நீரிழிவாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருந்தின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். எனக்கு இரண்டாம் நாள் இரவிலேயே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகுளிஃபுளோசின், எம்பாகுளிஃபுளோசின் வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதமானது: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோ அமிலம் மிகுந்துவிடக்கூடும், சர்க்கரைமானியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, உணவை மாற்றும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிவிடுங்கள்.