1955 ஃபோர்டு எஃப்-100: மஸ்டாங் 2 முன் சஸ்பென்ஷன் போட்ட வண்டி நேராக ஓட மறுக்கிறது, உதவி தேவை

கேள்வி – சான் அன்டோனியோ55

வணக்கம். என்னிடம் 1955 எஃப்-100 பிக்கப் இருக்கிறது. நான் வாங்குவதற்கு முன்பே முன்பக்கத்து ஒற்றை ஆக்சிலையும் பட்டை ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, மஸ்டாங் 2 (ஃபோர்டின் 1970-கள் கார்) மாதிரி க்ராஸ்மெம்பரை, அதாவது முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, சேசிஸில் வெல்ட் செய்திருந்தார்கள். சேசிஸ் ரயிலை (நீளவாட்டு இரும்புச் சட்டத்தை) உள்பக்கம் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள், வெல்டிங்கில் குறை தெரியவில்லை. டியூப் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் குழாய்க் கைகள்), காயில் ஸ்பிரிங், 11 அங்குல டிஸ்க், பவர் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் பல்தண்டு). இன்ஜின் செவ்ரோலே 350. ஸ்டியரிங் பம்பும் அதோடு வந்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பம்ப்தான்.

ஊருக்குள் பிரச்சினை இல்லை. ஐ-10 நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைலைத் தாண்டினால் ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வளைவு முடிந்த பிறகு சக்கரம் தானாக நேருக்குத் திரும்புவதில்லை. பாலத்தில் காங்கிரீட் இணைப்பு வரும் இடத்தில் இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்போது வண்டி 'சட்'டென்று இடப்பக்கம் தாவுகிறது. பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டப் பயமாக இருக்கிறது.

அலைன்மென்ட் சீட்டில் இருப்பது: கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) இரண்டு பக்கமும் மைனஸ் அரை டிகிரி, கேஸ்டர் பிளஸ் 1, டோ-இன் (சக்கரங்களின் முன் முனைகள் உள்ளே குவிவது) 1/8 அங்குலம். அலைன்மென்ட் செய்தவர் ரேக்கை மாற்றச் சொல்கிறார். புது ரேக் வாங்குவதற்கு முன் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் – மிச்சிகன் பட்டறை

தம்பி, ரேக்குக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்காது, மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

வளைவு முடிந்து சக்கரம் திரும்பவில்லை என்றால் முதலில் கேஸ்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆர்ம் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட்; மேல் பால் ஜாயிண்ட் கீழ் பால் ஜாயிண்டைவிடச் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம் அது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் கை வலிக்கக் கூடாது என்று 0, 1 டிகிரியோடு விடுவார்கள். பவர் ரேக் போட்ட வண்டிக்கு 1 டிகிரி போதவே போதாது. 3 முதல் 4 டிகிரி வரை வையுங்கள், வண்டி நெடுஞ்சாலையில் நேர்கோட்டைப் பிடித்து ஓடும்.

அந்த 1 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இந்த வண்டிகளை முன்னால் தாழ்த்தி, பின்னால் தூக்கி நிறுத்துவது அமெரிக்காவில் பழைய வழக்கம், பார்க்கவும் அழகு. ஆனால் சேசிஸ் எத்தனை டிகிரி முன்னால் குனிகிறதோ அத்தனை டிகிரி கேஸ்டர் போய்விடும். வண்டி கடைசியில் எந்தச் சாய்வில் நிற்கப்போகிறது என்று தீர்மானித்துவிட்டு, அந்தச் சாய்வில் கீழ் ஆர்மின் முன் போல்ட்டும் பின் போல்ட்டும் தரைக்குச் சமமாக வருமாறு க்ராஸ்மெம்பரை வெல்ட் செய்ய வேண்டும். பலர் சேசிஸ் ரயிலோடு ஒட்டினாற்போல வைத்து வெல்ட் செய்துவிடுகிறார்கள்.

டயர் காற்றைச் சரிபார்த்து, பானட் எல்லாம் மாட்டிய நிலையில், பெட்ரோலோடு, சமதரையில் நிறுத்தி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கி விடுங்கள். அப்புறம் கோணமானியை கேபினுக்கு அடியில் சேசிஸ் ரயிலின் தட்டையான பகுதியில் வைத்து எவ்வளவு குனிகிறது என்று சொல்லுங்கள். கீழ் ஆர்ம் உள்ளிருந்து சக்கரம் வரை சமமாக இருக்கிறதா, கீழ்நோக்கித் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். தொங்கினால் ஸ்பிரிங் அதிக விறைப்பு என்று அர்த்தம்.

பதில் – டெக்சாஸ் க்ரூஸர்

இதையெல்லாம் நோண்டுவதற்குப் பதில் மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு 2003-க்குப் பிந்தைய க்ரவுன் விக்டோரியாவின் முன்பக்கத்தை அப்படியே போட்டுவிடலாமே? அலுமினியத் தொட்டில், ரேக், பிரேக் எல்லாம் ஒன்றாக வரும். நான் என் 1966 எஃப்-100-க்கு அதைத்தான் போட்டேன், சுகமாக ஓடுகிறது.

பதில் – மிச்சிகன் பட்டறை

உங்கள் 1966-க்கு அது பொருந்தும். 1953-56 உடம்பு குறுகல். க்ரவுன் விக்டோரியாவின் அகலத்துக்குச் சக்கரம் ஃபெண்டரை விட்டு வெளியே வந்துவிடும். நல்ல வெல்டிங் இருக்கும் சேசிஸை வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

பதில் – ஓஹையோ அக்கா

இடப்பக்கம் தாவுவதைப் பற்றி நான் சொல்கிறேன், என் வேலையே சேசிஸ் அளவீடுதான். சக்கரம் மேலேறும்போது டை ராட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) ஒரு வில்லில் சுற்றும், ஆர்ம்கள் வேறொரு வில்லில் சுற்றும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்பும். இதற்குப் பெயர் பம்ப் ஸ்டியர் (bump, அதாவது மேட்டில் ஏறி இறங்குவது; ஸ்டியரிங் பம்ப் இல்லை).

ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் கையை எடுத்துவிடும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, கீழ் ஆர்மை ஜாக்கியால் ஓட்டும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். டிஸ்க்கோடு ஒரு நேரான பலகையைச் சேர்த்துக் கட்டி, அதன் முன் முனைக்கும் பின் முனைக்கும் தரையில் இழுத்த நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். ஒரு அங்குலம் ஏற்றி, ஒரு அங்குலம் இறக்கி, மறுபடி அளங்கள்.

மஸ்டாங் 2-இல் ரேக் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் சக்கரம் ஏறும்போது முன் முனை வெளியே விலகினால் ரேக்கின் அந்த முனை உயரமாக இருக்கிறது. உள்ளே வந்தால் தாழ்வாக இருக்கிறது. ஏற்றினாலும் இறக்கினாலும் வெளியேதான் போகிறது என்றால் உயரம் காரணமில்லை, க்ராஸ்மெம்பரை அகலமாக்கிவிட்டு ரேக்கைப் பழைய அகலத்திலேயே விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளப்பது முக்கியம்.

சான் அன்டோனியோ55

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன்.

சேசிஸ் இரண்டரை டிகிரி முன்னால் குனிந்திருக்கிறது. கீழ் ஆர்மின் போல்ட்டுகளும் அதே இரண்டரை டிகிரி குனிவு. ஆர்ம் உள்ளிருந்து வெளியே சமமாகவே இருக்கிறது.

பம்ப் ஸ்டியர்தான் விசித்திரம். ஒரு அங்குலம் ஏற்றினால் இடச் சக்கரத்தின் முன் முனை வெளியே போகிறது, வலச் சக்கரத்தினுடையது உள்ளே வருகிறது.

பதில் – ஓஹையோ அக்கா

அப்படியென்றால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இடப்பக்கம் திரும்புகிறது! பாலத்தில் நீங்கள் உணர்ந்தது இதுதான். ரேக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, இட முனை உயரம், வல முனை தாழ்வு. ரேக்கைப் பிடிக்கும் இரண்டு புஷ்ஷையும் (போல்ட் நுழையும் வளையங்களை) பாருங்கள். துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ் கடையில் விற்கிறார்கள், ரேக்கை ஏற்றவோ இறக்கவோ அதைப் போடுவார்கள். ஒன்றின் துளை மேலேயும் இன்னொன்றின் துளை கீழேயும் இருக்கிறதா?

சான் அன்டோனியோ55

அதேதான்! கிரீஸைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது புஷ்ஷில் துளை கீழே, வலதில் மேலே.

பதில் – ஓஹையோ அக்கா

இரண்டையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டு அளங்கள், பிறகு எதிர்ப்பக்கம் திருப்பியும் அளங்கள். எதில் மாற்றம் குறைவோ அது. இரண்டிலும் சரிவராவிட்டால் நடுத்துளை புஷ்ஷே போடுங்கள்.

பதில் – மிச்சிகன் பட்டறை

கேஸ்டருக்கு வருவோம். க்ராஸ்மெம்பரை வெட்ட வேண்டாம். உங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரம்) 110 அங்குலம், அதில் பின்பக்கத்தை 2 அங்குலம் இறக்கினால் சேசிஸ் சுமார் 1 டிகிரி நிமிரும். பின் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே 2 அங்குல பிளாக் வைத்தால் போதும். யூ போல்ட்டை நீளமானதாக மாற்றிக்கொள்ளுங்கள், டிரைவ் ஷாஃப்ட் கோணத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மீதியை மேல் ஆர்மில் எடுக்கலாம். அதன் குறுக்குத் தண்டை இரண்டு போல்ட் பிடித்திருக்கும், அவை நீள்துளையில் நகரும். முன் போல்ட்டை வெளியேயும் பின் போல்ட்டை உள்ளேயும் தள்ளினால் பால் ஜாயிண்ட் பின்னால் போகும், கேஸ்டர் கூடும். தண்டுக்கு அடியில் பல் வைத்த தகடு இருந்தால் பல்லோடு பல் சரியாக உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள். பாதிப் பல்லில் நின்றால் ஒரு குழியில் விழுந்ததுமே நகர்ந்துவிடும்.

மூன்றாவது, நெடுஞ்சாலையில் விடாமல் திருத்த வேண்டியிருப்பது. அதற்கு ஸ்டியரிங் பம்ப்பைப் பாருங்கள். ஃபோர்டு ரேக்குக்கு ஜிஎம் பம்ப்பின் அழுத்தம் அதிகம். அதனால்தான் விரல் பட்டாலே ஸ்டியரிங் பாய்கிறது. பிரஷர் கேஜ் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஓரிரு நொடி மட்டும் பிடித்துப் பாருங்கள். 1000 பி.எஸ்.ஐ.-க்கு (அழுத்த அளவு) வெகு மேலே காட்டினால் பம்ப்புக்குள் இருக்கும் வால்வில் மெல்லிய வாஷர் சேர்க்க வேண்டும். வாஷர் கூடக் கூட அழுத்தம் குறையும். இதற்கென்றே கிட் கிடைக்கிறது, மலிவுதான்.

இதை ஒரே நாளில் எல்லாம் சேர்த்துச் செய்யாதீர்கள். புஷ், பிறகு பிளாக்கும் கேஸ்டரும், கடைசியில் பம்ப். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓட்டிப் பார்த்தால்தான் எது எதைச் சரிசெய்தது என்று தெரியும்.

சான் அன்டோனியோ55

முடித்துவிட்டேன். புஷ் இரண்டிலும் துளை மேலே இருக்கும்படி திருப்பியதும் ஓர் அங்குல ஏற்ற இறக்கத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. பாலத்தில் தாவுவது அன்றைக்கே நின்றது. பின்னால் பிளாக் வைத்து, மேல் ஆர்மை நகர்த்தி மறுபடி அலைன்மென்ட் செய்ததில் கேஸ்டர் இரண்டு பக்கமும் பிளஸ் 4. இப்போது வளைவில் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது. பம்ப் 1350 காட்டியது, வாஷர் சேர்த்து 1000-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். 70 மைலில் வீட்டுக்காரி பக்கத்தில் தூங்கிவிட்டாள்!

ரேக் பழையதேதான். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பிரேக் பெடல் மட்டும் சில நேரம் முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, அதையும் கேட்டுவிடுகிறேன்.

பதில் – மிச்சிகன் பட்டறை

மாஸ்டர் சிலிண்டர் பழையபடி தரைக்கு அடியில்தானே இருக்கிறது? அங்கே அது காலிபரைவிட (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) தாழ்வு, எண்ணெய் பின்னோக்கி இறங்கிவிடும். முன் டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (லைனில் சிறு அழுத்தத்தை மிச்சம் வைக்கும் வால்வு) போடுங்கள், பின் டிரம்முக்கு 10. ஒற்றை அறை சிலிண்டராக இருந்தால் அதை இரட்டை அறைக்கு மாற்றாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஒரு பைப் விட்டால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. அப்புறம், சில நூறு மைல் ஓடிய பிறகு மேல் ஆர்ம் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.