ஏற்காடு இறங்குகிற வண்டிக்கு வீடியோ பார்த்து பிரேக் பேட் மாற்றலாமா?

பதினெட்டாம் வளைவு (சனி, இரவு 9.12)

நேற்று அழகாபுரம் ஆல்ட்டோ ஒரு பதிவு போட்டிருந்தார். படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: வீடியோ பார்த்து முன்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை அழுத்திப் பிடிக்கிற கட்டை) மாற்றினாராம். நாற்பது நிமிடம்தானாம். மறுநாளே குடும்பத்தோடு ஏற்காடு ஏறி இறங்கினாராம், ஒன்றும் ஆகவில்லையாம். கடைசியில் ஒரு வரி: "மெக்கானிக் செய்கிற வேலையில் முக்கால்வாசி நம்மாலேயே முடியும். பயமுறுத்தியே பிழைக்கிறார்கள்."

இதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் முப்பத்தொரு வருடம் பட்டறை வைத்திருந்தவர். யாரைப் பயமுறுத்தினார்? வீட்டுக்கு வந்தால் கையில் கிரீஸ் போகாமல் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் பிழைத்தது அப்படி.

நான் மலையில் குடியிருப்பவன். ஞாயிறு சாயங்காலம் வளைவோரம் நின்று பாருங்கள். காப்பிப் பூ பூக்கிற மாதத்தில்கூட பிரேக் கருகுகிற நாற்றம்தான் தூக்கலாக வரும். இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் வீடியோ மெக்கானிக் எத்தனை பேரோ.

எல்லாம் போகட்டும். அவர் எழுதிய இரண்டாவது படியைப் பாருங்கள்: "பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பா மூடியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் உள்ளே போகாது." பிஸ்டன் என்பது பேடை அழுத்துகிற உருளை; புதுப் பேட் தடிமனாக இருப்பதால் அதை உள்ளே தள்ளி இடம் செய்ய வேண்டும். மூடி திறக்காவிட்டால் போகாதா? எந்த ஊரில் போகாது? மூடியிலேயே காற்று போக வர வழி இருக்கிறது. மூடியபடியே போகும். அடிப்படையே தெரியவில்லை, இவர் ஊருக்குப் பாடம் எடுக்கிறார்.

அழகாபுரம் ஆல்ட்டோ (9.31)

வணக்கம் சார். வீடியோவில் மூடியைத் திறந்துதான் வைத்தார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்த வீடியோ. தப்பு என்றால் கீழே யாராவது சொல்லியிருப்பார்களே.

பேட் செட் 1,350 ரூபாய். அதே வேலைக்கு ஒர்க்‌ஷாப்பில் 3,800 கேட்டார்கள். மீதியில் குடும்பமே ஏற்காட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லீபஜார் (9.35)

பதினெட்டாரே, மூடி இருக்கட்டும். போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கிப்போன ட்ராலி ஜாக்கி எங்கே?

பதினெட்டாம் வளைவு (9.48)

லட்சம் பேர் பார்த்தால் சரியாகிவிடுமா? பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம். டாட் 3 ரக ஆயில் என்றால் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிவிட்டால் 140க்கு வந்துவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இறக்கத்தில் மிதித்து மிதித்து கேலிபர் (பிஸ்டனும் பேடும் உட்கார்ந்திருக்கிற பிடிப்பான்) சூடாகி உள்ளே இருக்கிற ஆயில் கொதித்தால் ஆவிதான் மிஞ்சும், மிதித்தால் அது அமுங்கிவிடும். பெடல் தரையைத் தட்டும். அதனால்தான் மூடியைத் தேவையில்லாமல் திறக்காதே என்கிறேன்.

ஜாக்கி விஷயம் தனியாகப் பேசிக்கொள்ளலாம், இங்கே வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார் (10.05)

கணக்கு ஒன்று போட்டேன். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500க்குக் கொஞ்சம் மேல். இறக்கம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள்களோடு ஒரு டன் எடையுள்ள வண்டி கீழே வந்து நிற்க, ஏறக்குறைய 1.2 கோடி ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். மூன்று யூனிட் மின்சாரத்துக்கு மேல். அறை வெப்பத்தில் இருக்கிற 37 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால், காற்று தடுப்பது போக, மொத்தமும் நான்கு சக்கரத்தின் தலையில்.

எனவே கேள்வி பேடை யார் மாற்றினார் என்பதல்ல. முதலில் "ரிப்பேர்" என்று எதைச் சொல்கிறோம்? வைப்பர் மாற்றுவதும் ரிப்பேரா? அதை வரையறுத்துக்கொண்டு பேசினால் நல்லது.

லீபஜார் (10.09)

வாத்தியாரே, 37 லிட்டர் வெந்நீர் என்றால் ஒரு குடும்பமே குளித்துவிடலாமே. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம், தெரியுமா?

இயற்பியல் வாத்தியார் (10.14)

மிச்சம் இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் பெட்ரோலே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். வரையறை பற்றிக் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

நாகலூர் (10.40)

நானும் மலைதான். காப்பிக்காட்டு ஜீப்பு. இங்கே பாதி இடத்தில் டவரே இல்லை, வீடியோ எங்கே பார்ப்பது? வழியில் நின்றால் நாமேதான் படுத்துப் பார்க்க வேண்டும். பதினெட்டு அண்ணா, ஒண்டிக்கடையிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவர ஆள் அனுப்பிவிட்டு மழையில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன்?

பதினெட்டாம் வளைவு (10.52)

தம்பி, உங்களைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜீப் ஓட்டுகிறவர்கள். நான் சொல்வது வீடியோ பார்த்து வருகிறவர்களை. மூடியைத் திறந்தால்தான் பிஸ்டன் போகும் என்று எழுதுகிறவர்களை.

குரங்குச்சாவடி அக்கா (ஞாயிறு, காலை 6.20)

நான் வீடியோ பார்த்து ஆரம்பித்தவள்தான். ஏன் ஆரம்பித்தேன் என்று கேளுங்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன், பெயர் வேண்டாம். பில்லில் புது ஏர் ஃபில்டர் என்று போட்டிருந்தது. எனக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்ததால், விடுவதற்கு முன் பழைய ஃபில்டர் ஓரத்தில் நீல பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கிளிப்பைத் தூக்கிப் பார்த்தால் அதே புள்ளி, மடிப்புக்குள் அதே வேப்பிலைச் சருகு. அன்றைக்கு முடிவு செய்தேன்.

இப்போது எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிளக், பேட்டரி எல்லாம் நானே. பிரேக்கும் முன்பக்கம் மட்டும் செய்கிறேன். கேலிபரை அதன் ஆயில் ஓஸ் குழாயில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும் என்பதைக்கூட வீடியோவில்தான் கற்றுக்கொண்டேன். பட்டறையில் ஒரு பையன் ஓஸிலேயே தொங்கவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டாம் வளைவு (7.02)

யாரோ ஒருத்தன் ஏமாற்றினால் எல்லாரும் திருடனா? என் அப்பா கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்.

சரி, அக்கா, நீங்களே சொல்லுங்கள். மூடியைத் திறப்பீர்களா, மாட்டீர்களா?

குரங்குச்சாவடி அக்கா (7.15)

திறப்பேன். பேட் தேயத் தேய டப்பாவில் லெவல் குறையும். இடையில் யாராவது மேக்ஸ் கோடு வரை ஊற்றியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் திரும்பி வந்து வழியும். பெயின்ட் மேல் பட்டால் தோலுரிந்துவிடும். அதனால் திறந்து ஊசி போடுகிற சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சிவிடுவேன்.

பதினெட்டாம் வளைவு (7.21)

அது வழியாமல் இருக்கத் திறப்பது! "திறக்காவிட்டால் பிஸ்டன் உள்ளே போகாது" என்று அவர் எழுதியது வேறு! டப்பா வெளியிலிருந்தே கோடு தெரிகிற மாதிரிதானே இருக்கிறது? லெவல் பார்க்க மூடியை ஏன் தொட வேண்டும்?

அழகாபுரம் ஆல்ட்டோ (8.10)

அக்காவே திறப்பேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

பதினெட்டாம் வளைவு (8.12)

முடியவில்லை.

அழகாபுரம் ஆல்ட்டோ (8.30)

சார், என்னைக் கிண்டல் செய்கிற அளவுக்கு நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. ஜாக்கி போடும் முன் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன், ஸ்டாண்டு வைத்தேன், நட்டை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவுகிற ஸ்பானர்) வைத்து முறுக்கினேன். எத்தனை பட்டறையில் டார்க் ரெஞ்ச் இருக்கிறது? ஒரே ஒரு சின்ன விஷயம்தான். வெளியே எடுக்கும்போது முதல் மிதியில் பெடல் உள்ளே போய்விட்டது, கேட்டை லேசாகத் தொட்டேன். அடுத்த மிதியில் சரியாகிவிட்டது.

லீபஜார் (8.33)

"லேசாகத் தொட்டேன்." ஹா ஹா. கேட் உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கமா? இனிமேல் இரண்டு பக்கமும் திறக்குமே.

குரங்குச்சாவடி அக்கா (8.41)

தம்பி, இதை ஏன் அன்றைக்கே உங்கள் பதிவில் எழுதவில்லை? பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டால் பேடுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து தடவை மிதித்தே ஆக வேண்டும். கேட்டுக்குப் பதில் தெருவில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? மூடியை விடுங்கள் எல்லாரும். இதுதான் விஷயம்.

பதினெட்டாம் வளைவு (8.55)

பார்த்தீர்களா! மூடியைத் திறந்து வைத்ததால் காற்று போயிருக்கும், அதனால்தான் பெடல் இறங்கியது!

இயற்பியல் வாத்தியார் (9.02)

இல்லை சார். டப்பாவில் ஆயில் இருக்கிறவரை, மூடியைத் திறந்ததால் மட்டும் லைனுக்குள் காற்று போகாது. அக்கா சொல்வதுதான் சரி. லைனிலிருந்து காற்றை வெளியேற்றுவதற்கான ப்ளீடர் நட்டைத் திறந்திருந்தால் அது வேறு கதை.

பதினெட்டாம் வளைவு (9.10)

வாத்தியார் பாடப்புத்தகத்தில் படித்தவர். நான் பட்டறையில் வளர்ந்தவன். பத்து வயதில் எனக்கு ப்ளீடிங் வேலை, உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிப்பது. "மிதி... பிடி... விடு" என்று அப்பா வண்டிக்கு அடியிலிருந்து கத்துவார். விடு என்பதற்கு முன் காலை எடுத்துவிட்டால் ஸ்பானர் பறந்து வரும். அந்தப் படிப்பு எந்த வீடியோவில் கிடைக்கும்?

இன்னொன்று. இந்த வீடியோ பாதி வெளிநாட்டு வண்டி, ஸ்டீயரிங் இடது பக்கம். நம் வண்டிக்கு அப்படியே பொருந்துமா? சில வண்டியில் பின்பக்க பிஸ்டனைத் தள்ளக் கூடாது, திருகி உள்ளே அனுப்ப வேண்டும். பட்டன் ஹேண்ட்பிரேக் இருந்தால் அதை முதலில் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். தெரியாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால் கேலிபரே போய்விடும். அப்போது 1,350 எங்கே, மிச்சம் எங்கே?

நாகலூர் (9.40)

அண்ணா இந்த முறை சரியாகச் சொல்கிறார். ஆனால் அது பட்டறைப் பையனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? போன மாதம் கீழே ஒரு இடத்தில் அவனும் போனில் வீடியோ பார்த்துக்கொண்டுதான் கழற்றினான். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன்.

லீபஜார் (9.44)

வீடியோவைப் போட்டவனும் இன்னொரு வீடியோ பார்த்திருப்பான்.

பதினெட்டாம் வளைவு (9.58)

அந்தப் பையன் மூடியைத் திறந்தானா?

நாகலூர் (10.01)

பார்க்கவில்லை அண்ணா. வடை சூடாக இருந்தது.

அழகாபுரம் ஆல்ட்டோ (10.15)

நான் ஒன்று கேட்கிறேன். குப்பனூர் வழியாக இறங்கினால் பிரேக்குக்கு அதிகச் சுமையா, அடிவாரம் வழியாக இறங்கினாலா? அடுத்த வாரம் மச்சான் குடும்பம் வருகிறது.

பதினெட்டாம் வளைவு (10.22)

இரண்டு வழியிலும் இரண்டாவது கியர். ஏறுகிற கியரில் இறங்கு என்று எங்கள் அப்பா சொல்வார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதியை லேசாக்குகிற பூஸ்டர் உதவிக்கு வராது, பெடல் கல்லாகிவிடும்.

ஆனால் முதலில் அந்தப் பதிவில் இரண்டாவது படியைத் திருத்துங்கள்.

அழகாபுரம் ஆல்ட்டோ (10.30)

திருத்த மாட்டேன். "திறந்தால் சுலபம்" என்று வேண்டுமானால் மாற்றுகிறேன்.

பதினெட்டாம் வளைவு (10.31)

சுலபமும் இல்லை.

குரங்குச்சாவடி அக்கா (10.36)

பெடல் மிதிப்பதைச் சேருங்கள் தம்பி, புண்ணியமாகப் போகும்.

இயற்பியல் வாத்தியார் (10.50)

"ரிப்பேர்" என்பதற்கு வரையறை இன்னும் யாரும் தரவில்லை.

பதினெட்டாம் வளைவு (11.20)

இப்போதுதான் என் வண்டியில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, மூடியை மூடியபடியே பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது. படம் போடட்டுமா?

லீபஜார் (11.21)

போடுங்கள், போடுங்கள். வண்டியை எந்த ஜாக்கியில் தூக்கினீர்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.