ஈமாக்ஸில் உதவிப் பக்கங்கள் ஒரே இடத்தில் திறக்க வழி உண்டா?

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் சாதாரண தரம் முடித்த பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் ஈமாக்ஸ் என்ற உரையும் நிரலும் எழுதும் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். கன்ட்ரோல் எச், அப்புறம் கே அழுத்தினால் எந்த விசைக்கும் விளக்கம் வரும். பிள்ளைகள் தாங்களாகவே படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினை, அந்த விளக்கம் வருகிற இடம். சாளரம் 160 எழுத்து அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் வலப்பக்கம் திறக்கிறது, சின்னத் திரையில் கீழே. "வலப்பக்கம் பாருங்கள்" என்று நான் சொல்ல, பழைய மடிக்கணினிக்காரப் பிள்ளை தேடிக்கொண்டிருக்கும். ஈமாக்ஸுக்குள்ளேயே படிக்கும் இன்ஃபோ கையேடோ எழுதிக்கொண்டிருந்த கோப்பையே மறைத்துக்கொண்டு வருகிறது. கோப்பு அழிந்துவிட்டதென்று ஒரு தங்கச்சி அழுதே விட்டாள்.

மூடுவதிலும் இதே சிக்கல்தான். இன்ஃபோவில் க்யூ அழுத்தினால் மூடும். ஹெல்ப், அதாவது அந்த விசை விளக்கம், திறந்தாலும் கர்சர் கோப்பிலேயே நிற்பதால், க்யூ என்ற எழுத்து நிரலுக்குள் விழுகிறது. இதற்கு, ஹெல்ப் திறந்ததும் கர்சரை அங்கே கொண்டுபோகிற ஹெல்ப்-விண்டோ-செலக்ட் அமைப்பை இயக்கிவிட்டேன், சரிவந்தது.

எது எங்கே திறக்க வேண்டும் என்று சொல்கிற டிஸ்ப்ளே-பஃபர்-அலிஸ்ட் அமைப்பு மூலம் ஹெல்ப்பை எப்போதும் கீழே, திரையில் மூன்றில் ஒரு பங்கில் திறக்க வைத்திருக்கிறேன். இன்ஃபோவையும், கட்டளைகளுக்கான கையேடான மேன் பக்கங்களையும் அதே இடத்துக்குக் கொண்டுவர எப்படி எழுத வேண்டும்? உங்கள் இனிட் கோப்பில் (ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கிற அமைப்புக் கோப்பு) இதைச் செய்திருந்தால் அந்தப் பகுதியை அப்படியே போடுங்கள். இங்கே இணையம் அடிக்கடி விழும், அதனால் கூடுதல் பொதி இறக்காமல் செய்கிற வழியாக இருந்தால் பெரிய உதவி.