ரெய்டை டெலிட் செய்தால் டேட்டா போய்விடுமா?

வன்தட்டு:
ரெய்டு என்பது பல டிஸ்க்கை ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு. "ரெய்டை டெலிட் செய்த நொடியே எல்லா டிஸ்க்கும் பூஜ்ஜியம், இனி அழுது பயனில்லை" என்று நேற்று ஒருவர் புதிதாக வந்த பையனிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவனும் நம்பி, டிஸ்க்குகளை வேறு சர்வரில் போடப் போகிறான். 4 டெராபைட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுத 5, 6 மணி நேரமாவது பிடிக்கும். டெலிட் சில நொடியில் முடிகிறது. இந்தக் கணக்குகூடவா தெரியாது?

கருப்புத்திரை:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 12 வருடமாக சர்வர் அறையில் கிடக்கிறேன். டெலிட் செய்தேன், அதே நான்கு டிஸ்க்கில் திரும்ப ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பும் வகை) போட்டேன், உள்ளே ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்தது.

வன்தட்டு:
திரும்பப் போடும்போது இனிஷியலைஸ், அதாவது புது ரெய்டைத் தயார்செய்யவா என்று கேட்டிருக்குமே, ஃபாஸ்ட் கொடுத்தீர்களா? பல கன்ட்ரோலர்களில் (ரெய்டை நடத்தும் கார்டு) அது தொடக்கத்திலும் கடைசியிலும் சில மெகாபைட்டைத் துடைத்துவிடும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் இருப்பதே அங்கேதான். டெலிட் தூக்கியெறிவது எந்த டிஸ்க் எத்தனையாவது, டேட்டாவைப் பிரித்து எழுதும் துண்டு (ஸ்ட்ரைப்) எவ்வளவு என்ற குறிப்பை மட்டும்.

கருப்புத்திரை:
நான் அழுத்தியது டெலிட்.

பழையகேபிள்:
லினக்ஸிலும் இதே கதைதான். ரெய்டு கருவியான எம்டிஏடிஎம்மில் ஜீரோ சூப்பர்பிளாக் கட்டளை கொடுத்தால் அந்தக் குறிப்பு மட்டும் போகும். குறிப்பின் 1.2 வகையில் அது தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும், 1.0 வகையில் டிஸ்க்கின் கடைசிப் பக்கம். அதே வரிசை, அதே சங்க் (துண்டு) அளவில் கிரியேட் செய்தால் டேட்டா வந்துவிடும்.

வன்தட்டு:
அரைகுறையாகச் சொல்லிக் கெடுக்காதீர்கள். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லும் அஸ்யூம் கிளீன் போடாமல் ரெய்டு 5 கிரியேட் செய்தால் ரீபில்ட் (மற்ற டிஸ்க்குகளை வைத்துக் கணக்கிட்டு எழுதும் வேலை) உடனே ஓடும், கடைசி டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். வரிசை தப்பினால் அந்த டிஸ்க் அவ்வளவுதான். பழைய எம்டிஏடிஎம் பதிப்பில் சங்க் 64 கிலோபைட், புதியதில் 512. டேட்டா ஆஃப்செட்டும், அதாவது டேட்டா தொடங்கும் இடமும், பதிப்புக்குப் பதிப்பு மாறும். முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் நகல் எடு, நகலில் விளையாடு என்று சொல்லுங்கள்.

பழையகேபிள்:
நான் சொன்னதைத்தான் நீட்டி முழக்கியிருக்கிறீர்கள்.

நள்ளிரவுஷிஃப்ட்:
எஸ்எஸ்டி என்றால்? என் சர்வரில் புதிதாக இஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்பு அமைப்பு) ஃபார்மட் போட்டதும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்னும் ட்ரிம் கட்டளை டிஸ்க்குக்குப் போய்விட்டது. அப்புறம் படித்தால் வெறும் பூஜ்ஜியம்தான் வந்தது.

கருப்புத்திரை:
பார்த்தீர்களா, பூஜ்ஜியம்! இதைத்தானே நேற்றிலிருந்து கத்துகிறேன்?

வன்தட்டு:
அது ஃபார்மட் செய்த வேலை, சார். டெலிட் செய்ததல்ல. டெலிட்டையும் ஃபார்மட்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவருக்கு 12 வருடம் எதற்கு?

கருப்புத்திரை:
என் வருடத்தை எண்ண வேண்டாம். போன மாதம் "ரெய்டு 1 இருந்தால் பேக்கப் எதற்கு" என்று எழுதிய மேதை யார்?

வன்தட்டு:
அப்படி எழுதவில்லை. ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருப்பதால், ஒரு டிஸ்க் செத்தால் பதற வேண்டாம் என்றேன். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

நள்ளிரவுஷிஃப்ட்:
எனக்கும் பேக்கப் வேண்டாம் என்றுதான் புரிந்தது.

வன்தட்டு:
சரி, அதை விடுங்கள். இனிஷியலைஸ் கொடுத்தீர்களா, இல்லையா? மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன்.

கருப்புத்திரை:
இரண்டாம் தடவை. எண்ணிக்கையிலும் தப்பு.